மச்சான் நட்ட குச்சி வேலி

ஓய்வு பெற்ற மறுமாதமே என் அக்கா வீட்டுக்காரருக்கு இயற்கையின் மேல் பாசம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் பொங்கலுக்கு எங்கள் ஊருக்கு வந்தால், காரை விட்டு இறங்காமலே இளநீர் குடித்துவிட்டு சேலம் அஸ்தம்பட்டிக்குத் திரும்பிவிடுவார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அக்கா பங்குக்கு வந்த காட்டை இத்தனை வருடமும் உழுதது நான்தான். இப்போது மச்சான் அதில் ஓடு வேய்ந்த ஒரு சிறு வீடு கட்டி, அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறினார். வந்தவர் முதலில் கேட்டது வேலி.

கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிடலாம் என்றேன். அவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ ஒரு தேசத்தில், கோணல்மாணலான மரக்கட்டைகளால் கட்டிய வேலி. அதன் மேல் பனி படிந்திருந்தது. எங்கள் ஊரில் மரத்தின் மேல் படிவது கரையான் மட்டும்தான்.

"கெடைக்கிற குச்சிய வெச்சுக் கட்டணும் மாப்ள. அதுலதான் அழகே இருக்கு" என்றார்.

அதிலிருந்து அவருக்கு அதே வேலை. லாரி பாடி கட்டும் பட்டறையில் கழித்துப்போட்ட பலகை, ஏரியில் வெட்டிக் கிடந்த வேலிக்கருவேல் கிளை என்று காரின் பின்பக்கம் நிறைய அள்ளி வருவார். சைக்கிள் கடையில் காற்றடிக்கக்கூட டிரைவரை அனுப்புகிற மனிதர், ஒரு வளைந்த கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வளைவைப் புகழ்ந்து பேசுவார். கட்டைகள் போதவில்லை. அப்போதுதான் அக்கம்பக்கத்துக் காடுகளில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கி முடித்து, குச்சிகளை வரப்பில் குவித்திருந்தார்கள். அவற்றைக் கொண்டுவந்து, கட்டைகளுக்கு நடுவே நெருக்கமாக மண்ணில் ஊன்றி, தேங்காய்நார்க் கயிற்றால் கட்டச் சொன்னார்.

அது துளிர்க்கும், துளிர்த்தால் ஆடு கடிக்கும், கிழங்குத் தழை ஆட்டுக்கு விஷம் என்று சொன்னேன். எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. அவர் சிரித்தார். துளிர்த்தால் உயிர்வேலி, இன்னும் நல்லது என்றார். ஆடு வைத்திருப்பவர்கள் ஆட்டைக் கட்டி மேய்க்கட்டும் என்றார்.

இரண்டு மழை பெய்தது. வேலி முழுக்கப் பச்சை விட்டது. மச்சான் அதன் முன்னால் துண்டைத் தோளில் போட்டு நின்று, விவசாயி மாதிரி படம் எடுத்துக்கொண்டார். சேலத்திலிருந்து அவருடைய அலுவலக நண்பர்கள் வந்து வேலியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

எங்கள் வண்டிப்பாதையில் தினமும் ஆடு ஓட்டிப் போகிற ஒரு அம்மா உண்டு. புருஷன் இல்லை. அவளுக்கு வருமானம் அந்த ஆடுகள்தான். ஒருநாள் காலையில் அவள் கத்தும் சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு ஆடுகள் பாதையில் விழுந்து கிடந்தன. வாயில் நுரை, வயிறு உப்பல். அதில் ஒன்று சினையாடு. வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டரிடம் பறந்தேன். அவரோடு திரும்பியபோது சினையாடு செத்திருந்தது. மற்றது ஊசியில் பிழைத்தது.

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஆட்ட அவுத்து உட்டா இப்படித்தான். வேலின்னு ஒண்ணு இருக்குறது தெரியலையா?" என்றார்.

அவள் செத்த ஆட்டின் தலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வேலின்னா ஆடு உள்ள போவாம இருக்கறதுக்குத்தானுங்க சாமி போடுவாங்க. நீங்க ஆட்டுக்கு எலை போட்டுப் பரிமாறி வெச்சிருக்கறீங்க."

சொல்லிவிட்டு வேலியின் முதல் குச்சியைப் பிடுங்கினாள். பிறகு அடுத்தது. அவசரமே இல்லை. மச்சான் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். இது சொந்த இடம், கேஸ் கொடுப்பேன் என்றெல்லாம் சொன்னார். அவள் அடுத்த குச்சிக்குப் போனாள்.

வீட்டுக்குள்ளிருந்து அக்கா வந்தாள். செத்த ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியின் மறுகோடிக்குப் போய் அவளும் பிடுங்க ஆரம்பித்தாள்.

"நீ என்ன பண்ற?" என்றார் மச்சான்.

"கயித்த அவுத்து உடுங்க. இல்லாட்டி உள்ள போய் உக்காருங்க" என்றாள் அக்கா. இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் வேலி முழுவதையும் பிடுங்கி முடித்தோம். வேறு ஆடு எதுவும் வாய் வைக்காதபடி தழையையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தோம். சினையாட்டை எங்கள் காட்டிலேயே ஒரு வேப்பமரத்தடியில் புதைத்தோம். மறுநாள் அக்கா என் ஆட்டுப்பட்டிக்கு வந்து, நல்லதாக ஒரு பெட்டைக்குட்டியைப் பார்த்து எடுத்து, அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போனது சினையாடு, கொடுத்தது குட்டி என்று அக்காவுக்குத் தெரியும். அந்த அம்மா குட்டியை வாங்கி மற்ற ஆடுகளோடு விட்டாளாம்.

இப்போது அங்கே கல்லுக்காலும் கம்பியும் நிற்கின்றன. காலையில் ஆடுகள் அந்த வழியாகப் போகும்போது மச்சான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஆடெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்கிறார். மரியாதைக்குப் புதிதாக ஒரு 'ங்க' சேர்ந்திருக்கிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா வெளியே நின்றால் மட்டும் நிற்கிறாள், இரண்டு வார்த்தை பேசுகிறாள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.