மருந்துச் சூடு என்று சொன்னோம்

எங்கள் எம். புதுப்பட்டியில் ஹெல்மெட் போட்டுப் போனால் வெளியூர்க்காரர் என்றுதான் நினைப்பார்கள். அதற்காகவே அன்று ஃபோர்மேன் அண்ணன் என் பைக்கின் பின்னால் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தார். காரியாபட்டியில் டாக்டர் கூப்பிடும்வரை அதைக் கழற்றவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

எங்கள் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறை அவருடையது. அங்கே நிற்கிற தைரியம்தான் அவருக்குச் சொத்தும் மரியாதையும். அதிகாரிகள் ஆலைக்குச் சீல் வைத்த பிறகு அவர் மனைவி, எங்கள் மதினி, வயிற்றுப் பிள்ளையோடு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்தார். பொண்டாட்டி சம்பாத்தியத்தில் டீயா என்று கடையில் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். தாங்க முடியாமல் வேறொரு கம்பெனியின் லோடு லாரியில் வடக்கே போனார். மருந்தில் கை வைக்கிறவனுக்கு இதற்கென்ன பயம் என்று கூட வந்தவர்கள் உசுப்பிவிட, வழியில் ஒரு பெண்ணிடம் ஆணுறைகூட இல்லாமல் போயிருக்கிறார்.

திரும்பி வந்தபின் புண் வந்தது. எங்கள் ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் மருந்துச் சூடுதான். கந்தகமும் அலுமினியப் பொடியும் அளைகிற உடம்பு அல்லவா! எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். மாதக்கணக்கில் அவர் மருந்தையே தொடவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. புண் தானாக ஆறி, உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பிய பிறகுதான் காரியாபட்டி.

பால்வினை நோய் என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டார். மனைவிக்கும் போட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து, உடனே கூட்டி வாருங்கள் என்றார். அப்போது நான் அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வரும் வழியில் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஆலை தொறக்கட்டும்லே, சொல்லிக்கிடுதேன். அவ சோத்தைத் தின்னுக்கிட்டு இதையும் சொன்னா, நான் என்ன ஆம்பளை?"

சரிண்ணே என்றேன். அண்ணன் வடக்கே போகும் முன், மூன்றாம் மாதம் மதினிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் மாதம் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் பார்த்துக் காரணத்தைச் சொன்னார்கள், மதினிக்கு ஊசியும் போட்டார்கள். ஆலை அதற்கு அடுத்த மாதம் திறந்தது.

இப்போது சீசன் ஓடுகிறது. ஆட்கள் யாராவது சூடு என்று இழுத்தால் திட்டி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன், என்னவோ நான் யோக்கியன் மாதிரி. போன வாரம் மதினி என்னை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினார்.

"அவுகளக் காரியாபட்டிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானாமே தம்பி. டாக்டர் என்னையும் வரச் சொன்னது ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான் வெளிய வண்டிகிட்ட நின்னேன் மதினி" என்றேன்.