பதினெட்டு என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். ஒரேயோர் எண்ணைத்தான் மாற்றிச் சொன்னேன். அந்த எண்தான் என் கணவனின் வலது முழங்காலை உடைத்தது. ஐந்து வருடங்களாகியும் அவனுக்கு இது தெரியாது.

உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. இதுவும் கோழைத்தனம்தான்...

யூட் கொட்டாஞ்சேனைக்காரன். நான் வெள்ளவத்தை. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குப் படகில் போய், கயிற்றேணியில் ஏறிப் பத்திரங்களில் கையெழுத்து வாங்கி வருவது அவன் வேலை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிவிட்டால் சனிக்கிழமைகளில் அவனுடைய பழைய வான் வண்டியில் கற்பிட்டிக்குப் போய்விடுவோம். அங்கே கடலையொட்டிய ஆழமில்லாத களப்பில் கைட் சேர்ஃபிங் பழகினோம். இடுப்பில் பிணைத்த பெரிய பட்டம் இழுக்க, பலகையில் கால்களைக் கொழுவிக்கொண்டு நீரில் ஓடும் விளையாட்டு.

இருவருக்கும் ஒரே வித்தையில் பைத்தியம். பாய்ந்து மேலெழும்பி, காலிலிருந்து பலகையைக் கழற்றி, அந்தரத்தில் ஒரு கையால் அதை ஒரு சுற்றுச் சுழற்றி, கீழே வருமுன் மறுபடி காலில் மாட்ட வேண்டும். இரண்டு பருவமாக முயன்றும் இருவருக்கும் வரவில்லை. பலகை அடித்து என் நாடியில் மூன்று தையல்.

எங்களிடம் பட்டங்கள் இரண்டே. காற்று மிதமென்றால் பாரமான அவனுக்குப் பெரியது, எனக்குச் சின்னது, இருவரும் போவோம். காற்று பலமானால் பெரியதைத் தொடக்கூடாது. ஆளையே தூக்கி எறிந்துவிடும். அப்போது சின்னதை முறை வைத்து எடுப்போம், மற்றவர் கரையில் இருப்பார். அவன் முழங்கால் உடைந்த அன்று சின்னது அவனுடைய முறை.

அவன் தென்னைகளின் மறைவில் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் நீரோரம் போய்க் காற்றை அளந்தேன். கருவி இருபத்தாறு கடல்மைல் வேகம் காட்டியது. பெரியதைத் தொடக்கூடாத காற்று.

“தர்ஷி, காத்து எவ்வளவு?”

இன்றைக்கு எனக்கு வரும் என்று உடம்பு சொன்னது. கரையில் குந்தியிருந்து அவன் அதைச் செய்வதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று இன்னும் தேடுகிறேன்... இல்லை.

“பதினெட்டு. நீர் பெரிசை எடும். ரெண்டு பேரும் போகலாம்.”

“வடிவாப் பாத்தனீரா?”

“ஓம்.”

மூன்றாவது பாய்ச்சலில் எனக்கு அது வாய்த்தது. பலகை கையில் சுழன்றது, காலில் ஏறியது, நீரில் மெதுவாக இறங்கினேன். அவனைக் கூப்பிடத் திரும்பினேன். அவன் தென்னை உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். பலகை தனியாக விழுந்தது. பிறகு அவன், ஆழமில்லாத மணல்திட்டுப் பக்கம்.

நான் அவனைக் கரையை நோக்கி இழுத்து வர, மீனவர்கள் இருவர் படகோடு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வலியில் பற்களைக் கடித்துக்கொண்டே அவன் என் கையைப் பிடித்தான்.

“நீர் சுத்தினீர்தானே? நான் கண்டனான். அதைப் பாத்துக்கொண்டிருந்ததில காத்தைக் கவனிக்கேல்ல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு சத்திரசிகிச்சைகள். முழங்கால் முழுதாக மடங்கவே இல்லை. கயிற்றேணி வேலை போய்விட்டது. இப்போது புறக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் மேசை வேலை. கல்யாணப் பேச்சு வந்தபோது எங்கள் வீட்டில் மதத்தைச் சொல்லித் தடுத்தார்கள். அவனுடைய அம்மாதான் என்னைக் கட்டியணைத்துக்கொண்டார். “கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தது இந்தப் பிள்ளைதான். இவ இல்லாட்டி என்ட மகன் இல்லை” என்று தேவாலயப் பங்கு முழுவதும் சொல்லித் திரிந்தார். நான் அவனை மணந்தேன். காதல்தான்... ஆனால் காதல் மட்டும்தானா? அவனருகில் படுத்துக்கொண்டே இதைக் கேட்கும் பெண் எப்படிப்பட்டவள்?

போன மாதம் பட்டங்களை விற்றோம். இரத்மலானையிலிருந்து ஒருவர் வாங்க வந்திருந்தார். யூட் அவருக்கு ஒவ்வொரு கயிறாகக் காட்டிக் கொடுத்தான்.

“ஒண்டு மட்டும் சொல்லுறன். காத்தைப் பாக்காமப் போகாதேங்கோ. நான் பாக்காமப் போன விசரன்.”

தேநீர்த் தட்டோடு நின்றேன். வாய்வரை வந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“இவ அண்டைக்குப் பலகையைச் சுத்தினவ. அவ்வளவு வடிவு.”

“பிறகு ஏன் அக்கா விட்டனீங்கள்?” என்று வந்தவர் கேட்டார்.

“பயம் வந்திட்டுது” என்றேன்.

யூட் என் தோளில் கை வைத்தான். “நான் விழுந்ததைக் கண்டு பயந்திட்டா, பாவம்.”

பைகளை ஏற்றிவிட அவனும் கீழே போனான். எங்கள் வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. அவன் திரும்பி ஏறும் சத்தம் கேட்டது. ஒரு படி, ஓய்வு, மறுபடி ஒரு படி... அவன் வருவதற்குள் வெறும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இருபத்தாறு. யூட், அண்டைக்குக் காத்து இருபத்தாறு. குரல் நடுங்காமலே வந்தது.

கதவைத் திறந்தேன். அவன் வியர்த்து, சுவரைப் பிடித்தபடி நின்றான்.

“கால் நோகுதா?” என்றுதான் கேட்டேன்.

“கொஞ்சம்” என்றான்.