பால் நிற சீட்டும் பெட்ரோலும்

பால் நிற ரெக்சின் சீட் போட்ட காரில் இன்றைக்கும் நான் ஏறுவதில்லை. எழுபதுகளின் கடைசியில் செல்லூரில் ஒரு நூல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. முதலாளி தன் அம்பாசிடருக்கு ஆசை ஆசையாகப் புது சீட் தைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தபாலாபீசிலிருந்து அந்தக் காரில் திரும்பும்போது ரப்பர் ஸ்டாம்பு மையைப் பின்சீட்டில் கொட்டித் தொலைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை.

விடிந்ததும் டிரைவர் அண்ணன் சோப்புத் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாக உட்கார்ந்துவிட்டார். எதைப் போடுவதானாலும் முதலில் சீட்டுக்கு அடியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிற மனிதர். கறை மெதுவாகத்தான் வெளுத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "பெட்ரோல் போட்டா போயிருமாண்ணே?" என்றேன். "வேணாந்தாயி, ரெக்சினைத் தின்னுப்புடும். தீப்பிடிக்கிற சாமான் வேற. மேல பூ மாலையைப் போட்டு மறைச்சுக்கிருவோம், நாளைக்கு மிச்சத்தைத் தொடச்சுக்கிறலாம்" என்றவர், மாலை வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் ஷெட்டிலிருந்த பெட்ரோலை எடுத்துத் துணி சொட்டச் சொட்டத் தேய்த்தேன். கறை போகாமல் பரவியது. சீட்டு மினுமினுப்பு போய்ப் பிசுபிசுத்தது. அண்ணன் கொண்டுவந்த மாலையை நானே வாங்கிக் கறைமேல் போட்டுவிட்டு, வாடை வெளியே வராமலிருக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். என்னைப் போல ஒரு முட்டாளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பூஜையில் ஒவ்வொரு மெஷினுக்கும் சாம்பிராணி காட்டிவிட்டு, கடைசியில் காருக்குள்ளும் புகை போடுவது அங்கே வழக்கம். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும் முதல் சவாரிக்காக முதலாளியின் ஆறு வயது மகள் முன்சீட்டில் தாவி ஏறினாள். முதலாளி கங்கு கனலும் தூபக்காலோடு பின்கதவைத் திறந்தார். கத்தியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்றுதான் அந்த நொடியிலும் நினைத்தேன். இதை எழுதக் கூசுகிறது.

கதவு திறந்ததும் வாடை டிரைவர் அண்ணனுக்கு எட்டியது. பாய்ந்து, கொதிக்கிற தூபக்காலை இரண்டு கைகளாலும் பிடுங்கித் தெருவில் வீசினார். முதலாளி ஆடிப்போனார். "எவன்டா பெட்ரோல் போட்டது? எம்புள்ளை உள்ள இருக்காடா!" அண்ணன் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"நாந்தேன் மொதலாளி. புத்தி இல்லாமத் தொடச்சுப்புட்டேன்."

கொப்புளித்த கைகளோடு அவர் கிளம்பியபோது பின்னாலேயே ஓடி அழுதேன். "வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எங்குனயாச்சும் வேலை கெடைக்கும். நீ உள்ள போ தாயி" என்றார். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் உள்ளே போனேன்.

முதலாளி என்னை டைப்ரைட்டர் முன்னால் உட்காரச் சொன்னார். டிரைவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல, ஒரு பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.