வெள்ளத்துக்கு வைத்த டிரம்

என் மகளுக்கு மறுபடியும் வலிப்பு வந்ததற்கு எங்கள் நெசவாளர் சங்கத் தலைவர்தான் காரணம். என் வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு உண்டு, அதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். தலைவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். வீட்டுக்காரர் நெய்வார். கரை தனி நிறத்தில் வரும் சேலை என்றால் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவேன். பட்டும் ஜரிகையும் சங்கம் கொடுப்பது. தறி, குழித்தறி. கால் மிதிக்கத் தரையில் குழி இருக்கும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் வரும் முன்பே அந்தக் குழியில் அடியிலிருந்து ஊறிவிடும். குழி ஈரமானால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பட்டு நூலை, பாவு என்போம், அவிழ்த்துச் சுருட்டி மேலே உத்தரத்தில் கட்டிவிடுவோம். வெள்ளம் என்றால் எங்களுக்குத் தெரிந்த முன்னேற்பாடு அது ஒன்றுதான்.

ஒரு வருடம் வேகவதி ஆறு கரை மீறி எங்கள் தெரு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் புகாத ஒரு பாத்திரத்தில் அவசரத்துக்கு வேண்டியதைப் போட்டு எப்போதும் தயாராக வைக்க வேண்டும் என்று வகுப்பெடுக்க வந்திருந்த அம்மா சொன்னார். தெருவில் பாதிப் பேர் அங்கே கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தார்கள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்குக் காரணம் இருந்தது.

என் மகளுக்குப் பள்ளியில் படிக்கும்போதே வலிப்பு தொடங்கியது. காலையும் மாலையும் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இரண்டு வருடம் வலிப்பு வராமல் இருந்தால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம், ஸ்கூட்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்லூரிக்கு பஸ்ஸில் நசுங்கிப் போகிற பெண்ணுக்கு ஸ்கூட்டி சின்ன விஷயம் இல்லை. இரண்டு வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

சாயப்பட்டறையில் சொல்லி ஒரு நீல டிரம் வாங்கி வந்தேன். வாயில் இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற மூடி. புளி போட்டுத் தேய்த்தும் சாய மருந்து வாடை பல நாள் போகவில்லை. ஒரு மாத மாத்திரை, ரேஷன் கார்டு, ஆதார் நகல், டார்ச், தீப்பெட்டி, அவல், வெல்லம், பிஸ்கட், நாப்கின், மாற்றுத் துணி, கயிறு எல்லாம் உள்ளே போனது. மகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இன்னாமா, டூர் போறோமா? சிப்ஸ் வெக்கல?” என்றாள். சிப்ஸும் வைத்தேன்.

நெய்கிற வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் எது நல்ல இடமோ அது பட்டுக்கு. எங்கள் பீரோவில் சங்கத்துப் பட்டு இருக்கும், எங்கள் துணி கொடியில் கிடக்கும். ஜரிகை எவர்சில்வர் டப்பாவில், சர்க்கரை பிளாஸ்டிக் கவரில். இப்படி வை என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை தானாக வைக்கும்.

டிரம் வாங்கிய வருடம் மழை தொடங்கும் முன் தலைவர் சங்கத்தில் கூட்டம் போட்டார். புயல் வரப்போகிறது, சரக்கைப் பத்திரமாக வையுங்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே இழுத்து, “புள்ளைங்களுக்குக் காலு இருக்குது, ஓடிடும். பட்டுக்குக் காலு இல்லபா. நனைஞ்ச பட்ட எடுத்துக்கினு என் முன்னாடி வந்து நிக்காதீங்க” என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களுக்கும் அதன் பொருள் தெரியும். பட்டை நனைத்தவனுக்கு அடுத்த பாவு சீக்கிரம் வராது. பாவு இல்லாத தறி வெறும் மரம்.

வெள்ளம் வந்தது ஒரு பகலில். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று நான் மகளைக் கூட்டிவரப் போயிருந்தேன். வீட்டில் என் வீட்டுக்காரர் மட்டும். குழி நிறைந்து தரைக்கு வந்திருக்கிறது. பாவைச் சுருட்டி உத்தரத்தில் கட்டப் பார்த்தால் அங்கே ஓடு ஒழுகுகிறது. வீட்டில் தண்ணீர் புகாத பொருள் ஒன்றே ஒன்றுதான். டிரம்மைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு கட்டைப்பையில் கொட்டித் தறிப் பக்கத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். பாவு, குறுக்கே ஓட்டும் ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாவற்றையும் டிரம்மில் வைத்து வளையத்தை இறுக்கினார்.

நாங்கள் தெருமுனைக்கு வந்தபோது அவர் முழங்கால் தண்ணீரில் டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கேதான் தங்க வைத்தார்கள்.

சாயங்காலம் மாத்திரை நேரத்துக்கு மூடியைத் திறந்தேன். உள்ளே அரக்கு நிறப் பட்டு. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மாத்திரை எங்கே என்று கேட்டேன். “செவுத்து ஆணியில மாட்டிக்கீறேன். அவ்ளோ ஒசரம் தண்ணி ஏறாது” என்றார்.

மகள் டிரம்மை எட்டிப் பார்த்தாள். “பட்டுக்கு ஃபிட்ஸ் வராதுப்பா” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் இருப்பதை ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

அவர் உடனே திரும்பப் போனார். தெருமுனையில் கயிறு கட்டி, யாரையும் விடவில்லை. தண்ணீர் அந்த உயரம் ஏறவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆணி இருந்த மண் சுவரே ஊறிப் பையோடு குழிக்குள் விழுந்துவிட்டது. மருந்துக் கடை எல்லாம் மூடிக் கிடந்தது. முகாமுக்கு வந்த நர்ஸிடம் காய்ச்சல் மாத்திரையும் பேதி மாத்திரையும் இருந்தன. சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லியும் அனுப்பினார். வந்து சேரவில்லை. அன்று மாலை மாத்திரை போனது. மறுநாள் காலையும் போனது.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவள் விழுந்தாள். பெஞ்சு முனை நெற்றியில் பட்டது. சாவிக்கொத்தைக் கையில் திணிக்க நாலு பேர் ஓடி வந்தார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நின்றதும் கண்ணைத் திறந்து, தட்டு யாருடையது என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். டாக்டர் மகளின் சிகிச்சை நோட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடக் கணக்கை இன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். மகள் சரி சார் என்றாள். அதன் பிறகு வீட்டில் ஸ்கூட்டிப் பேச்சு இல்லை.

தண்ணீர் வடிந்ததும் பொதுக்குழு கூடியது. தலைவர் என் வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டார். ஊரே நனைந்தபோதும் சங்கத்துப் பட்டை நனைய விடாதவர் என்று சொல்லிச் சால்வை போட்டார். கை தட்டினார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் சால்வையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இடிந்த சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் திட்டவில்லை. திட்ட வேண்டிய ஆள் சங்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போனேன். நடந்ததைச் சொன்னேன். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், அதை நான் மறுக்கவில்லை. பிறகு, “மாத்திரய இடுப்புல சொருவிக்கினு போயிருக்கலாமேமா. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?” என்றார். பட்டு நனைந்து மாத்திரை தப்பியிருந்தால் எங்களுக்கு அடுத்த பாவு கொடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். போனை எடுத்துக் காதில் வைத்தார். மணி எதுவும் அடிக்கவில்லை. நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது மறுபடியும் எல்லாம் தயார் செய்து வைத்திருக்கிறேன். டிரம்மை நம்புவதில்லை. நெய்கிற வீட்டில் எத்தனை டிரம் இருந்தாலும் அது பட்டுக்குத்தான் போகும். மகளின் கல்லூரிப் பையில் ஒரு அட்டை மாத்திரை, என் சுருக்குப்பையில் ஒன்று, மாடி வீட்டுக்காரியிடம் ஒன்று. மற்றதெல்லாம் முதுகில் மாட்டுகிற பையில், ஜிப் கவர் போட்டு. தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு அவர்களும் செய்யத் தொடங்கினார்கள். உதவிக்கு நாலைந்து வீட்டுக்குப் போனேன். மாமனாரின் சர்க்கரை ஊசி அழுக்குக் கவரில் தொங்குகிறது, பால் பவுடர் டப்பா தரையில் இருக்கிறது, நல்ல டிரம்மில் பட்டு இருக்கிறது. எடுத்து மாற்றுவோமா என்று கேட்டால் ஒருத்தியும் தலையாட்டவில்லை. கதவைப் பார்த்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. பயப்படுகிறார்கள்.

அடுத்த மழைக்கு முன் பொதுக்குழு கூடும். நான் முன் வரிசையில் இருப்பேன், மகளும் வருகிறாள். தலைவரே, எங்களைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். மைக்கில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்து, மருந்தையும் பிள்ளைப் பாலையும் முதலில் தூக்கிய நெசவாளியின் பட்டு நனைந்தால், அந்தத் தறிக்கு அடுத்த பாவு உண்டா, கிடையாதா?