என் பெயர் இல்லாத பட்டியல்

சுமார் இருபது வருடங்களுக்கு முன்பு ஹைதராபாத்தில் நடந்தது இது. கொண்டாப்பூர் பக்கம் மாதத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் வேலை பார்த்தது ஊரின் மறுகோடியில், உப்பலில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில். விளையாட்டு கோட்டாவில் கிடைத்த வேலை. திருச்சியில் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடிய எனக்கு அந்த ஆட்டம்தான் சோறு போட்டது. பதினான்கு வருடம் கம்பெனியின் பெண்கள் அணியில் ஆடினேன். அதில் ஆறு வருடம் கேப்டன்.

அந்த வருடம் லீக் ஆட்டங்களில் ஜெயித்து நாக்-அவுட் சுற்றுக்குப் போனோம். நாக்-அவுட்டுக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல்தான் கொடுக்க முடியும். நாங்களோ பதின்மூன்று பேர். கடைசியாகச் சேர்ந்தவள் ஆறடி உயரத்தில் ஒரு புதுப் பெண். யாரை நீக்குவார்கள் என்று கேன்டீனில் ஒரே பேச்சு. எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. பேச்சு யாரைப் பற்றி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

'என்னைத் தொடட்டும் பார்க்கலாம்' என்று வீம்பாக இருந்தேன். உண்மையில் வலது முட்டி மூன்று மாதமாகச் சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. பிராக்டிஸுக்கு முட்டிப்பட்டை தெரியாமல் முழுநீள பேன்ட் போட்டுக்கொண்டு போவேன். ஆட்டத்தன்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருமுல்கேரியில் இருந்த எங்கள் வீட்டுக்கு, எனக்குப் பிறகு கேப்டனானவள் வந்தாள். செகந்திராபாத்திலேயே நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். இருபத்தைந்து வயது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, லிஸ்ட்ல உங்க பேர் இல்ல. நோட்டீஸ் போர்டைப் பாத்து நீங்க தெரிஞ்சுக்கறது நக்கோ, வேணாம்னு நானே வந்தேன்."

"யார் எடுத்தது? ஸ்போர்ட்ஸ் ஆபீசரா?"

"ஐயோ, சார் மேல போடாதீங்க. அவரு மரியாதைக்காவது உங்க பேர் இருக்கட்டும்னுதான் சொன்னாரு. நான்தான் எடுத்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் இந்த டீமுக்கு வந்தப்ப நீ ஃப்ராக் போட்டுட்டு ஓடிட்டிருந்த. நீ என்னை எடுக்கறியா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவள் கண் கலங்கியது. குரல் மட்டும் கலங்கவில்லை. "போன மேட்ச்ல டைம்-அவுட் அப்போ கம்பத்தைப் பிடிச்சுட்டு நின்னீங்களே, பாத்தேன் அக்கா. லிஸ்ட்ல நீங்க இருந்தா, டைட் மேட்ச்ல உங்களைத்தான் இறக்குவேன். நீங்களும் வெளிய வர மாட்டீங்க. அப்புறம் உங்க கால் என்னாகறது?"

உள்ளேயிருந்து காபியோடு வந்த என் கணவர், "காலுக்கு என்ன?" என்றார். அவள் போய்விட்டாள்.

மறுநாள் கணவர் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் பார்த்த டாக்டர், லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது, இனி குதிக்கவே கூடாது என்றார். அப்போதும் என் கோபம் அவள்மேல்தான் இருந்தது.

அரையிறுதிக்குப் போகவே கூடாது என்று இருந்தவள், நாலு மணிக்கு ஆட்டோ பிடித்துவிட்டேன். மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். நன்றாகத்தான் ஆடினார்கள். கடைசி நிமிடம், இரண்டு பாயின்ட் குறைவு. புதுப் பெண்ணுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டுமே வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன. தோற்றுப்போனோம்.

அந்த நொடி எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும்? வந்தது.

பிறகுதான் கேப்டனைப் பார்த்தேன். ஸ்போர்ட்ஸ் ஆபீசர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். சீனியரை ஏன் நீக்கினாய், காரணம் சொல் என்று இந்தியில் கத்தினார். என் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அடிபட்டதை மறைத்து ஆடினேன் என்று தெரிந்தால் எனக்கு ஆபீசில் கெட்ட பெயர் வரும், பிராக்டிஸுக்கென்று கிடைக்கும் அரைநாள் அனுமதியும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்தபடி நின்றாள். சொல்லவே இல்லை.

வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். தப்பு என்னுடையது, முட்டி வலியை மறைத்து ஆடினேன், இவள் கண்டுபிடித்து என்னைக் காப்பாற்றினாள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஆபீசர் என்னை ஒருமுறை முறைத்துவிட்டு நகர்ந்தார்.

"கைக்கு, எதுக்கு சொன்னீங்க அக்கா? நான் சமாளிச்சிருப்பேன்ல?" என்றவள், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வீட்டில் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் ஆடவில்லை. அனுமதி போனது, முழுநாளும் ஃபைல்தான். பதினான்கு வருடத்தில் கோப்பைகள் நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் 'நீங்கள் வேண்டாம்' என்று சொல்ல வீடு தேடி வந்து, என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, தான் தோற்று நின்றபோதும் என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெண்ணை நினைக்கும்போதுதான், நானும் ஒரு அணியில் இருந்தேன் என்ற பெருமை எனக்கு முழுசாக வருகிறது.