என்னுடையதையும் பாருங்கள்

போன வாரம் இங்கிலிஷ் பாடத்தில் சிங்களப் பையன் சமிந்த எழுந்து நின்று கேட்டான். "மிஸ், நீங்கள் புலியா?"

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் அது. எங்கள் கண்டிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷுக்கு மட்டும் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி என்பது எல்லோருக்கும் தெரியும்.

"இல்லை மகன்" என்றேன். திட்டியிருக்கலாம்தான். ஆனால் அவன் முகத்தில் குறும்பு இல்லை... பயம்தான் இருந்தது.

இலக்கணத்தை மூடிவைத்தேன். "காலையில் வரும்போது யாரையெல்லாம் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள்?" என்று கேட்டேன்.

தமிழ்ப் பிள்ளைகளின் கைகள் மட்டுமே உயர்ந்தன.

வத்தேகமவிலிருந்து வரும் செல்வி சொன்னாள். "பஸ்ல அத்தன பேர் இருந்தோம் மிஸ். அப்பாவையும் என்னையும் மட்டும் எறக்கிட்டாங்க. பஸ் போயிருச்சு."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். சமிந்த தலையைக் குனிந்துகொண்டான். "என் அண்ணனும் சாவடியில்தான் நிற்கிறான் மிஸ். ஒவ்வொரு பையைத் திறக்கும்போதும் வெடித்துவிடுமோ என்று பயமாம்."

அதைத் தமிழில் சொன்னேன். செல்வி கேட்டாள். "பயம்னா சரி மிஸ். அப்ப எல்லாரையும் எறக்கியிருக்கலாமே?"

பாகுபாடு என்றால் என்ன என்று நான் பக்கம் பக்கமாக விளக்கியிருப்பேன். இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பேனா?

"உமக்கேன் இந்த வேலை? அரசியல் படிப்பிக்கிறீர் எண்டு மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடப்போகினம்" என்றார் சக ஆசிரியை. அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. வேலை போனால்? விசாரணைக்குக் கூப்பிட்டால்?

இரண்டு நாள் கழித்து, பள்ளி விடும் நேரம் சமிந்தவின் அம்மா வாசலில் நின்றார். அம்பிட்டியவிலிருந்து வந்திருந்தார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"டீச்சர், மகன் எல்லாம் சொன்னது" என்றார், தெரிந்த தமிழில். "அவன் கேட்டது பிழை. நீங்க பஸ்ஸுக்குத்தானே போறது? நானும் வாறது."

"ஓம், வாங்கோ" என்றேன்.

சாவடியில் சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்தான். பையைத் திறக்கச் சொன்னான். சமிந்தவின் அம்மாவை மட்டும் போகலாம் என்று கை காட்டினான். அவர் நகரவில்லை. தன் அடையாள அட்டையை நீட்டி, பையையும் விரித்துப் பிடித்தார்.

"என்னுடையதையும் பாருங்கள் மகன்" என்றார் சிங்களத்தில்.

"தேவையில்லை அம்மா."

"டீச்சருக்குத் தேவையென்றால் எனக்கும் தேவை."

பைக்குள் கருவாட்டுப் பொதி. சிப்பாய் மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்தான். பிறகு, பார்த்துக்கொண்டே, மெல்லச் சிரித்துவிட்டான்.

நான் ஏறும் கெலிஓயா பஸ் வரும்வரை அந்த அம்மா என்னோடு நின்றார். நன்றியைச் சிங்களத்தில் சொன்னேன், தமிழில் சொன்னேன்... இரண்டுமே போதவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பாதிக் கதிரை காலி என்று வருடா வருடம் புலம்புவேன். இந்த வருடம் புலம்பல் கிடையாது — வர வேண்டியவர் வந்துவிட்டார்.