எண்ணெய்க் கையில் கொடுத்த பணம்

இங்கே பினாங்கில் கடன் தீர்ந்ததும் கடிதாசியைக் கிழித்துவிடுகிறார்கள். என் முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்போம். போன வாரம், சம்பள முன்பணத்துக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டை என் கண்ணெதிரே நாலாகக் கிழித்தார். குப்பைக் கூடை பக்கத்திலேயே இருந்தும், துண்டுகளை என் கையில்தான் வைத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், ஊர்க்காரர்களே.

கப்பலேறுமுன் தென்காசியில் ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு எண்ணூறு ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். முதலும் வட்டியுமாகப் புரட்டிக்கொண்டு போனால் ஆள் கடையில் இல்லை. சாரல் காலம், குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார். மறுநாள் எனக்கு ரயில். அங்கேயே ஓடினேன். அருவிக்கரையில் ஒருவர் தேய்த்துவிட, உடம்பெல்லாம் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏலே, கடன் வாங்குனவன் இப்படியாலே தேடி வருவான்? நான்லா ஒன்னத் தேடி அலையணும்!” என்று சிரித்தபடியே பணத்தை வாங்கித் துண்டில் முடிந்தார்.

“அண்ணாச்சி, நோட்டு...” என்று இழுத்தேன்.

“பெட்டியில கெடக்கு. எண்ணெய்க் கையோட எதுல என்னத்த எழுத? எங்க போயிரப் போவுது? நீ மொதல்ல கப்பலப் பிடி.”

அதற்குமேல் கேட்டால் அவரை நம்பவில்லை என்றாகும். பெரிய மனுஷரிடம் அப்படிக் கேட்க எங்கள் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பத்து வருஷமாயிற்று. அண்ணாச்சி காலமாகிவிட்டார். பெட்டியில் நோட்டைக் கண்ட மகன் கேஸ் போட்டிருக்கிறார். இலத்தூரில் என் பேரிலுள்ள வீட்டில்தான், புருஷனை இழந்த என் தங்கை இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறாள். தீர்ப்பு அவர் பக்கமானால் வீடு ஏலத்துக்குப் போகும். அவள் போய் அழுததற்கு, “அய்யா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே தாயி, காயிதம்லா பேசுது” என்றாராம். அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வருஷம் தாண்டினால் நோட்டு செல்லாது என்று கேட்டிருந்த தைரியத்தில் வக்கீலுக்கு எழுதினேன். கடன்பட்டவர் இந்தியாவில் இல்லாத காலம் அந்தக் கணக்கில் சேராது என்று பதில் வந்தது. பணம் கொடுத்ததற்குச் சாட்சி உண்டா என்றும் கேட்டிருந்தார். உண்டு, அந்த எண்ணெய் தேய்த்தவர்தான். அவர் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

தவுக்கேயிடம் சொல்லிப் பார்த்தேன். காகிதத்தை ஏன் திருப்பி வாங்கவில்லை என்றார். “மாலு” என்றேன். கூச்சத்துக்கு எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல் அதுதான்.

“கொடுத்தவனுக்கு என்ன மாலு? அப்படியானால் நீ கொடுக்கவில்லை” என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இங்கே என் காதோரம் நரைத்துவிட்டது. ஊரில் அணாவே ஒழிந்து நயா பைசா வந்துவிட்டதாம். கோர்ட்டுக் கணக்கிலோ நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளோடு காலம் நின்றுபோயிற்று. அணா ஸ்டாம்பின் மேல் என் கையெழுத்து இன்னும் செல்லுபடியாகிறது.

“சாமானெல்லாம் கட்டி வைக்கட்டுமா அண்ணே?” என்று தங்கை எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் எழுதக் குனியும்போதெல்லாம் சட்டைப் பையில் அந்த நாலு துண்டுகளும் சரசரக்கின்றன.